உடம்பின் தண்ணீர்க் கணக்கு: மாவடு ஜாடியிலிருந்து ஆரம்பிப்போம்

போன வருடம் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் என் பெரியம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. வயது 73. இரண்டு முறை வாந்தி, நடையில் தள்ளாட்டம். இறந்து ஒன்பது வருடமான என் அப்பாவைப் பற்றி, "உன் அப்பா இன்னும் சாப்பிட வரவில்லையா?" என்று கேட்டார். கூடியிருந்த சொந்தக்காரர்கள் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்: வெயில் காலம், தண்ணீர் குடித்திருக்க மாட்டார்.

நடந்தது நேர்மாறு. பெரியம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. தினம் 4 லிட்டர் குடித்தால் எந்த நோயும் அண்டாது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் படித்த நாளிலிருந்து, ஒரு லிட்டர் பாட்டில் நான்கை நிரப்பிச் சமையலறை மேடையில் வரிசையாக வைத்துக்கொள்வார். முடிந்த பாட்டிலைக் கவிழ்த்து வைப்பார். படுக்கப் போகும்போது நான்கும் கவிழ்ந்திருக்க வேண்டும். கூடவே, ரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பை ஏறக்குறைய விட்டிருந்தார். சாப்பாடும் கொறிப்புதான். சிறுநீரைக் கூடுதலாகப் போகச் செய்யும் வகை மாத்திரை வேறு. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 116. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

"சோடியம் குறைந்துவிட்டதாம்" என்ற வாக்கியம் இப்போது வயதானவர்கள் இருக்கிற எல்லா வீடுகளிலும் அடிபடுகிறது. அதைக் கேட்டவுடன் நமக்குத் தோன்றுவது, உப்புக் குறைந்துவிட்டது, உப்பைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பதுதான். மறுநாள் காலையில் சித்தப்பா ஒருவர் எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலோடு வார்டுக்கு வந்து நின்றார். சிரிக்கத் தோன்றினாலும் தப்பு அவர் மேல் இல்லை. அந்த எண் எதை அளக்கிறது என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள்.

தண்ணீர் உப்பின் பக்கம் சாயும்

மாவடு போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். பிஞ்சு வடுவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி ஜாடியை மூடி வைக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. மூன்றாம் நாள் திறந்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. வடு தோல் சுருங்கிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீர் வடுவுக்குள் இருந்தது. வெளியே உப்புக் கூடியதும் அங்கே போய்விட்டது.

இதன் மறுபக்கம் உலர்ந்த திராட்சை. அதை வெறும் தண்ணீரில் ஊறப் போட்டால் காலையில் குண்டாகிக் கிடக்கும். உள்ளே சர்க்கரை அடர்த்தி, வெளியே எதுவும் இல்லை. அதனால் தண்ணீர் உள்ளே போயிற்று.

இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். தண்ணீரை விட்டுவிட்டு, உப்பையும் சர்க்கரையையும் எளிதில் விடாத ஒரு மெல்லிய சவ்வு நடுவே இருந்தால், தண்ணீர் அடர்த்தி கூடிய பக்கமாக நகரும். பள்ளிப் பாடத்தில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் இப்படிச் சவ்வு போர்த்திய ஒரு சிறு பை. அதைச் சுற்றியிருக்கும் திரவம் உப்புக் கரிக்கும். நாக்கில் பட்ட கண்ணீரும் ரத்தமும் அதற்குச் சாட்சி. வெளியே உப்பு அடர்த்தி கூடினால் செல் மாவடுவாகச் சுருங்கும். குறைந்தால் திராட்சையாக உப்பும். தோலிலோ தசையிலோ உள்ள செல் கொஞ்சம் உப்பினால் ஒன்றும் ஆகிவிடாது. மூளை இருப்பது எலும்புப் பெட்டிக்குள். உப்ப இடமில்லை. பெரியம்மாவின் வாந்தி, தள்ளாட்டம், அப்பாவைத் தேடியது எல்லாமே அந்த நெருக்கடியின் விளைவு.

36 லிட்டரும் ஒரு விகிதமும்

60 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 36 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஆணுக்குச் சற்றுக் கூடுதல், பெண்ணுக்குச் சற்றுக் குறைவு. பிறந்த குழந்தையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். வயதாக ஆக இந்தப் பங்கு குறைந்துகொண்டே வரும். 36 லிட்டரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் இருக்கிறது. மீதி 12 லிட்டர் வெளியே. அதிலும் ரத்த நாளங்களுக்குள் ஓடும் நீர்ப்பகுதி 3 லிட்டருக்குப் பக்கம்.

இந்த வெளித் தண்ணீரில் கரைந்திருக்கும் முக்கியமான பொருள் சோடியம். சமையல் உப்பின் ஒரு பாதி அது. மருத்துவமனையில் "குளுக்கோஸ் ஏற்றினார்கள்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் குளுக்கோஸாக இருப்பதில்லை. லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த சுத்தமான நீர்தான் அது. உடம்பின் உப்புக் கரிப்புக்கு மிக அருகில் இருக்கும்படி அந்த அளவை வைத்திருக்கிறார்கள்.

ஆய்வக அறிக்கையில் வரும் சோடியம் எண், உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்ற விகிதத்தைத்தான் சொல்கிறது. ரசத்தில் உப்புச் சப்பென்று இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: உப்புப் போதவில்லை, அல்லது யாரோ ஒரு செம்பு தண்ணீரைக் கூட ஊற்றிவிட்டார்கள். முதியவர்களிடம் பார்க்கும் "சோடியம் குறைவு" பல சமயம் இரண்டாவது வகை, அல்லது இரண்டும் சேர்ந்தது. பெரியம்மாவுக்கு இரண்டும். வைத்தியம் செய்த மருத்துவர் முதலில் போட்ட கட்டளை, தண்ணீரைக் குறையுங்கள் என்பதுதான். சித்தப்பாவுக்கு அது கடைசிவரை நம்பிக்கையாகவே இல்லை.

இது முதியவர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. 2002 ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பந்தயம் முடிந்த இடத்திலேயே எடுத்துப் பார்த்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவாக இருந்தது. ஓடி முடித்தபின் எடை குறைவதுதான் இயல்பு. இவர்களில் பலருக்கு எடை கூடியிருந்தது. வழியெல்லாம் வேர்த்ததைவிட அதிகமாகக் குடித்திருக்கிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: செல்லின் நலம், வெளியே தண்ணீரும் உப்பும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நீர்ச்சத்து என்று நாம் பேசுவது இந்த விகிதத்தையும், ரத்தம் ஓடப் போதுமான மொத்த அளவையும் சேர்த்துத்தான்.

தொட்டியில் மிதக்கும் பந்து

மொட்டை மாடித் தொட்டியில் ஒரு மிதவைப் பந்து இருக்கும். நீர் இறங்கினால் குழாய் திறக்கும்; ஏறினால் மூடிக்கொள்ளும். மூளையின் அடிப்பகுதியில் அப்படி ஒரு சின்ன இடம் ரத்தத்தின் அடர்த்தியைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு ஏறினாலே அதற்குத் தெரிந்துவிடும். உடனே இரண்டு வேலை செய்கிறது.

முதல் வேலை, வாசோபிரசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுவது. ஹார்மோன் என்றால் உடம்பின் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தின் வழியே போய், வேறோர் இடத்துக்குக் கட்டளை கொடுக்கும் பொருள். இந்தக் கட்டளை போகும் இடம் சிறுநீரகம்: "தண்ணீரை விடாதே, திருப்பி எடு."

சிறுநீரகத்தின் உழைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு நாளில் அது வடிகட்டுவது ஏறக்குறைய 180 லிட்டர். இருக்கிற மூன்று லிட்டர் ரத்த நீரையே அறுபது முறை சலித்தெடுக்கிறது. அதில் 178 லிட்டருக்கு மேல் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போல வெளியே விடுகிறது. வாசோபிரசின் கூடினால் அந்த ஒன்றரை லிட்டரை அரை லிட்டர் அளவுக்கு இறுக்கிவிடும், நிறம் கடுத்துப்போகும். ஹார்மோன் குறைந்தால் தாராளமாகத் திறந்துவிடும், நிறம் வெளுக்கும். விருந்து வீட்டில் நாலு டம்ளர் ஜூஸ் குடித்துவிட்டு வரும் வழியெல்லாம் இடம் தேடுவது இதனால்தான்.

ஆனால் சிறுநீரகத்தால் வெறும் தண்ணீரைத் தனியாகப் பிரித்து ஊற்றிவிட முடியாது. எவ்வளவு வெளுத்த சிறுநீரிலும் கொஞ்சம் உப்பும் கழிவும் கூடவே போயாக வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிறவரிடம் அதற்குப் பஞ்சமில்லை. கொறிப்பாகச் சாப்பிட்டு, உப்பையும் ஒதுக்கி, 4 லிட்டர் குடித்தால், தண்ணீரை ஏற்றி அனுப்ப வண்டி போதாது. சிறுநீரோடு உப்பையும் இழுத்துக்கொண்டு போகிற அந்த மாத்திரையும் சேர்ந்தால் தண்ணீர் தேங்கிவிடும்.

மிதவையின் இரண்டாவது வேலை நமக்குத் தெரிந்தது: தாகம். "தாகம் எடுத்தாலே காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்" என்கிற வாசகத்தை நிறையப் பார்த்திருப்பீர்கள். நலமாக இருக்கும் ஒருவருக்கு அது பொருந்தாது. அடர்த்தி இரண்டு சதவீதம்கூட ஏறாத நிலையிலேயே தாகம் மணி அடித்துவிடும். உடம்பு வறண்டு வேலை கெடுகிற நிலை அதைத் தாண்டி இன்னும் தூரத்தில் இருக்கிறது.

தாகத்தில் வேடிக்கையான ஒரு சங்கதியும் உண்டு. வெயிலில் வந்து, பானைத் தண்ணீரைச் செம்போடு அண்ணாந்து குடித்தவுடன் "அப்பாடா" என்கிறோமே, அந்த நேரத்தில் தண்ணீர் ரத்தத்தில் சரியாகக் கலந்திருக்கவே இல்லை. அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். வாயும் தொண்டையும் வயிறும் "வந்துவிட்டது" என்று முன்கூட்டியே தகவல் சொல்ல, மூளை நம்பி மணியை நிறுத்திவிடுகிறது. இப்படி முன்பணக் கணக்கு இல்லாவிட்டால் கால் மணி நேரம் நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருப்போம்.

எட்டு டம்ளர் எங்கிருந்து வந்தது

1945 இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் ஒரு குறிப்பு வெளியிட்டது. உண்ணும் ஒவ்வொரு கலோரிக்கும் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர், நாளைக்கு இரண்டரை லிட்டர் போல, பெரியவர்களுக்கு ஏற்ற அளவு என்றது. அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே, இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் சொன்னது. முதல் வாக்கியம் ஊரெல்லாம் சுற்றியது. இரண்டாவதை யாரும் தூக்கிச் செல்லவில்லை. எட்டு டம்ளர் விதி பிறந்த கதையாகப் பலரும் சொல்வது இதைத்தான். சிறுநீரக ஆய்வாளர் ஹெயின்ஸ் வால்டின் 2002 இல் அந்த விதிக்கு அறிவியல் ஆதாரம் தேடி ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். நலமான, மிதமான தட்பவெப்பத்தில் வாழும், உட்கார்ந்து வேலை செய்யும் பெரியவர்களுக்கு அப்படியொரு கட்டாயம் இருப்பதாக எந்தச் சான்றும் அவருக்கு அகப்படவில்லை.

அந்த டம்ளரும் நம் டம்ளர் அல்ல. 240 மில்லி பிடிக்கும் கண்ணாடிக் குவளை. நம் வீட்டில் காபி டம்ளர் ஒரு அளவு, மோர் டம்ளர் ஒரு அளவு. பாட்டி வீட்டுப் பித்தளை டம்ளரில் மூன்று குடித்தால் மதியச் சாப்பாடு இறங்காது.

நம் தட்டையும் பார்க்க வேண்டும். வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். வெள்ளரிக்காயில் 95 சதவீதம். அதன்மேல் சாம்பார், ரசம், மோர். காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போனவர்கள் தண்ணீரையும் உப்பையும் சோற்றையும் ஒரே சட்டியில் முடித்துக்கொண்டார்கள். ரொட்டியும் வறுத்த கறியும் சாப்பிடுகிறவர் குடிக்க வேண்டிய அளவும், குழம்பும் ரசமும் ஊற்றிப் பிசைகிறவர் குடிக்க வேண்டிய அளவும் ஒன்றாக இருக்க வழியில்லை. காபி, டீயும் கணக்கில் சேரும். காபி நீரை வெளியே தள்ளும் என்பது ஓரளவு உண்மையென்றாலும், வழக்கமாகக் குடிக்கிறவரிடம் தள்ளுவது சொற்பம்; உள்ளே வருவதுதான் அதிகம். மது அப்படியல்ல. அது வாசோபிரசினையே வாயடைத்துவிடும். மறுநாள் காலைத் தலைவலியில் அதற்கும் பங்குண்டு.

2022 இல் வெளியான ஓர் ஆய்வு 23 நாடுகளைச் சேர்ந்த 5,604 பேரின் உடம்பில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வந்துபோகிறது என்று அளந்தது. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 96 வயதுக்காரர் வரை அதில் இருந்தார்கள். வயது, உடல்வாகு, செய்யும் வேலை, ஊரின் சூடு, காற்றின் ஈரம் என்று ஒவ்வொன்றுக்கும் எண் மாறியது. எல்லாருக்கும் பொதுவான ஒரு லிட்டர் கணக்கைச் சொல்ல முடியாது என்பதுதான் அதிலிருந்து தெரிந்தது.

மண்பானையும் வேர்வையும்

இந்த லிட்டர் கணக்கை எகிற வைப்பது வேர்வை. மண்பானை ஏன் குளிர்கிறது? அதன் நுண் துளைகள் வழியே நீர் கசிந்து, வெளிப்பக்கம் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. தோலும் அதே வேலைதான் செய்கிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுதாக ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூடு வெளியேறும். எட்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது.

முக்கியமான சொல் "ஆவியானால்". சென்னையிலோ தூத்துக்குடியிலோ காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் நாளில் பானைத் தண்ணீர் சில்லென்று ஆகாது. வேர்வையும் காயாமல் சட்டையை நனைத்துச் சொட்டும். சொட்டும் வேர்வையால் தண்ணீரும் உப்பும் நஷ்டம், குளிர்ச்சி இல்லை. வேலூரிலும் கரூரிலும் தெர்மாமீட்டர் இன்னும் மேலே ஏறும், ஆனால் வேர்வை காய்ந்துவிடும். இதில் வேறொரு ஆபத்து: காய்ந்துவிடுவதால் எவ்வளவு வேர்த்தோம் என்பதே தெரியாது. கழற்றிப் போட்ட சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்திருப்பதுதான் தடயம்.

அந்த வெள்ளை, உப்பு. ஆளுக்கு ஆள் மாறினாலும் ஒரு லிட்டர் வேர்வையோடு இரண்டு, மூன்று கிராம் உப்புப் போகும். கடும் வெயிலில் மண் சுமக்கிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வேர்க்கும். அவர் வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் நடப்பதைக் கவனியுங்கள். போன நீரை முழுக்க ஈடுகட்டும் முன்பே ரத்தத்தின் அடர்த்தி இறங்கிவிடுகிறது. மிதவைக்குத் தெரிவது அடர்த்திதான். அதனால் தாகம் நின்றுவிடுகிறது. சிறுநீரகமும் "தண்ணீர் கூடிவிட்டது" என்று கொஞ்சத்தை வெளியே விடுகிறது. தாகம் தீர்ந்த மாதிரி இருக்கும். உடம்பில் நீர் குறைவாகவே இருக்கும். கூட ஒரு சிட்டிகை உப்பும் உள்ளே போனால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கோடையில் தெருமுனைப் பந்தலில் ஊற்றும் நீர்மோரை நான் இந்தக் காரணத்துக்காகவே கொண்டாடுவேன். தண்ணீர், உப்பு, கொஞ்சம் மோர். மேலே மிதக்கும் கறிவேப்பிலை குடிக்கத் தூண்டுவதற்கு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் கூடுதலாக இருப்பது பொட்டாசியம், சோடியம் குறைவு. ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இந்த உப்பு உபதேசம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் மூன்று வேளையும் வேண்டிய உப்பைவிட அதிகமாகவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

சுருக்கமாக: வேர்வையில் தண்ணீரும் உப்பும் சேர்ந்து போகின்றன. ஓரிரு மணி நேரத்துக்கு மேல் கடுமையாக வேர்த்தவருக்குத் தாகம் ஒன்றே வழிகாட்டியாக இருக்கப் போதாது.

ஜோடியாக வந்தால் திறக்கும் கதவு

வயிற்றுப்போக்கில் இழப்பு இன்னும் வேகம். காலரா கண்ட ஒருவர் சில மணி நேரத்தில் பல லிட்டர் இழந்துவிடுவார். தண்ணீரும் உப்பும் கொட்டிக்கொண்டே போகும். குடித்த தண்ணீர் குடலில் தங்காமல் ஓடும். நரம்பு வழியே ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள்.

குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. சோடியம் தனியாக வந்தால் அது திறக்காது. குளுக்கோஸ் தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டும் ஜோடியாக வந்தால் உள்ளே விடும். அவை நுழைந்தால் தண்ணீர் சும்மா இருக்குமா, அடர்த்தி கூடிய பக்கம் தானாகவே வந்துவிடும். இந்த ஜோடிக் கதவை 1960 இல் எடுத்துச் சொன்னவர் ராபர்ட் கிரேன். வயிற்றுப்போக்கின் நடுவிலும் பெரும்பாலும் அந்தக் கதவு வேலை செய்கிறது என்பதுதான் நமக்குக் கிடைத்த வரம்.

1971 இல் வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்தவர்களால் மேற்கு வங்க எல்லை முகாம்கள் நிரம்பி வழிந்தன. பொங்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். ஏற்றுவதற்குப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. குழந்தை மருத்துவர் திலீப் மஹலானபிஸ், உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே குவளை குவளையாகப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேரை ஒட்டியிருந்த சாவு, நாலு பேருக்கும் கீழே இறங்கியது. அவர் 2022 இல் காலமானார். அதற்கடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2002 இல் திருத்திய கலவைதான் இன்று மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், அதோடு கொஞ்சம் பொட்டாசியமும் சிட்ரேட்டும். பொட்டலம் கைக்குக் கிடைக்காத ராத்திரியில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். "கொஞ்சம் இனிப்பாக இருந்தால் குழந்தை குடிக்கும்" என்று கூடுதலாக அள்ளிப் போடக் கூடாது. மாவடு ஜாடி ஞாபகம் இருக்கிறதல்லவா? குடலுக்குள் சர்க்கரை அடர்த்தி கூடினால் உடம்பின் தண்ணீர் குடலை நோக்கி ஓடிவரும், போக்கு அதிகமாகும். குளிர்பானமும் பெட்டி ஜூஸும் வயிற்றுப்போக்கில் கெடுதல் செய்வது இப்படித்தான். மருந்துக் கடை அலமாரியில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி நின்ற இனிப்புப் பானங்களைப் பார்த்து ஏமாந்த தாய்மார்கள் எத்தனையோ பேர். உரிய கலவை இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. தாமதம்தான், இருந்தாலும் வந்தது.

வேண்டுமென்றே குடிக்காதவர்கள்

தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்பதுபோல் உபதேசம் செய்கிறோம். ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்ணைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்: குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை, அல்லது விட மாட்டார்கள். போக்குவரத்துக் காவலர், பஸ் நடத்துநர், கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் படிக்கும் பெண் குழந்தை எல்லாருக்கும் இதே கணக்கு. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021 இல்தான். பள்ளியில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் வழக்கம் 2019 இல் கேரளத்திலிருந்து பரவியது, நல்ல யோசனை. மணி அடித்த பிறகு ஓடக் கழிவறை இருக்க வேண்டும்.

அடக்கி அடக்கிப் பழகினால் என்ன ஆகும்? கற்கண்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அடர்ந்த பாகில் நூலைத் தொங்கவிட்டு அசையாமல் வைத்தால் படிகம் கட்டும். பாகு நீர்த்திருந்தால் கட்டாது. சிறுநீர் நாள்தோறும் அடர்த்தியாகவே இருந்தால் அதில் கரைந்த கால்சியம் முதலான உப்புகள் படிகமாகிக் கல்லாகும். ஒருமுறை கல் வந்தவர்களை நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்கச் சொல்வது பாகை நீர்க்க வைக்கத்தான். நிறையத் தண்ணீர் என்ற அறிவுரை பிசகாமல் பொருந்தும் இடம் இது. நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிற பெண்களுக்கும் இது உதவும்.

நமக்கு நாமே பார்த்துக்கொள்ள எளிய அடையாளம் சிறுநீரின் நிறம். வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. நல்லெண்ணெய் நிறம் கண்டால் குடிக்க வேண்டும். பச்சைத் தண்ணீராக இருப்பது லட்சியம் ஆக வேண்டியதில்லை. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டவர்கள் பளீரென்ற மஞ்சளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது மாத்திரையின் சாயம்.

மிதவை பழுதானால்

தாகத்தை நம்பலாம் என்று மேலே சொன்னது எல்லாருக்கும் செல்லாது. வயதாக ஆகத் தாகம் மழுங்கும்; சிறுநீரகத்தின் இறுக்கிப் பிடிக்கும் திறனும் தளரும். கைக்குழந்தைக்குத் தாகம் எடுக்கும், கேட்கத் தெரியாது. ஆறு மாதம் வரை அதற்குத் தண்ணீரே தேவையில்லை; தாய்ப்பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான், கோடையிலும் அது போதும். இதயம் தளர்ந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் எவ்வளவு குடிப்பது என்பதை மருத்துவர்தான் அளந்து சொல்ல வேண்டும். அவர்கள் இந்த மாதிரிக் கட்டுரைகளைப் படித்து அளவை மாற்றிக்கொள்ளக் கூடாது.

பெரியம்மாவின் சோடியம் சரியாக ஐந்து நாள் ஆயிற்று. வேண்டுமென்றே மெதுவாக ஏற்றினார்கள். நீர்த்த நிலைக்குப் பழகிவிட்ட மூளைச் செல்கள், வெளியே திடீரென்று உப்பு ஏறினால் மாவடு மாதிரி சட்டென்று சுருங்கி நிரந்தரமாகக் கெடக்கூடும். ஊறுகாயைப் பையிலிருந்து எடுக்கவே விடவில்லை நர்ஸ். வீடு திரும்பியபோது மாத்திரையை மாற்றியிருந்தார்கள்.

"தாகமே எடுக்க மாட்டேன் என்கிறது, நான்கு பாட்டிலும் கூடாது என்கிறீர்கள், எதை வைத்துத்தான் நான் குடிப்பது?" என்று அவர் கேட்டதற்கு மருத்துவர் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாளில் கொழுப்போ தசையோ ஒரு கிலோ கூடவோ குறையவோ செய்யாது. இன்றைக்கும் நேற்றைக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் அது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு லிட்டர், ஒரு கிலோ. அதனால் காலையில் எழுந்து கழிவறைக்குப் போய் வந்ததும், காபிக்கு முன்னால், எடை பார்த்து எழுதச் சொன்னார்.

எதையும் அரைகுறையாகச் செய்யாதவர் அல்லவா. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைக் கிளிப் போட்டு வைத்திருக்கிறார். ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே நீல மையில் எடை. இந்த வருடம் அக்னி நட்சத்திரம் பிறந்து மூன்றாம் நாள் தாளில் 54.6 என்று இருக்கிறது, முந்தின நாள் 55.4. அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் "மோர் 2 டம்ளர் கூட" என்று எழுதியிருக்கிறார். மறுநாள் 55.2.